வேணி போடாத கையெழுத்து

கூடப் பிறந்தவனே இப்படிச் செய்வானா? மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த அந்த பைனான்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்த வேணிக்கு மனசு ஆறவில்லை. அண்ணன் ஜெயக்குமார் வாங்கிய கடனுக்கு அவள் ஜாமீன் போட்டிருக்கிறாளாம். அவன் கட்டவில்லையாம், அவளுடைய எடமலைப்பட்டி புதூர் வீட்டின் மேல் கை வைப்பார்களாம். அவளோ எந்தத் தாளிலும் கையெழுத்தே போடவில்லை.

"போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்," என்றான் பக்கத்தில் இருந்த கணவன் ரெங்கராஜ். சொல்வது சுலபம். வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் ஜெயிலில் இருந்தால் பிள்ளையை யார் மடியில் வைப்பது? வீட்டையும் விட முடியாது, அண்ணனையும் விட முடியாது. நேரில் வந்து பதில் சொல்லட்டும் என்று அவனுக்கும் போன் போட்டிருந்தாள்.

மேனேஜர் அழகர்சாமி தாளை நீட்டினார். "இதே நாற்காலியில உக்காந்து என் முன்னாடிதான் போட்டீங்க. சாட்சியே நான்தாம்மா. போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு."

வேணி சிரித்தேவிட்டாள். "ஆடிப்பெருக்கு அன்னிக்கா? அன்னிக்கு நான் தில்லை நகர் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன் சார். என் பொண்ணு பொறந்ததே அன்னிக்குத்தான்!"

அழகர்சாமியின் முகம் செத்துப் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஜெயக்குமார் உள்ளே வந்தான். தங்கையைக் கண்டதும் உடைந்துவிட்டான்.

"நான்தான் போட்டேன் வேணி. இவங்க ஆளு ஆஸ்பத்திரிக்கே தாளைக் கொண்டாந்தாரு, தங்கச்சி பேர்ல நீயே போட்டுடுன்னாரு. ஆபரேஷனுக்குக் கட்டணும், குழந்தைய வேற கண்ணாடிப் பெட்டியில வெச்சிட்டாங்க. மொத பிரசவம் பொறந்த வீட்டுச் செலவு. மாப்பிள்ளைகிட்ட எப்படிக் கையேந்துவேன்? ஒழுங்காத்தான் கட்டிட்டு வந்தேன். நான் ஓட்டுற லோடு ஆட்டோ இன்ஜின் போனதுக்கப்புறம் முடியல."

"அட போங்க மச்சான்!" ரெங்கராஜ் கத்தினான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? அது என் பிள்ளையும்தானே?"

"கேக்கக் கூடாதே மாப்பிள்ளை."

நல்ல மானம் போங்கள்! கேட்டால் போய்விடுமாம், திருட்டுக் கையெழுத்துப் போட்டால் போகாதாம். வேணிக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"போலீஸுக்குப் போனா எங்கண்ணன் மட்டும் மாட்டாது சார். பாக்காததைப் பாத்தேன்னு சாட்சி போட்டவரும் சேந்துதான் மாட்டுவாரு. போகவா?"

அழகர்சாமி ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். குடித்து முடித்ததும் ஜாமீன் ரத்து என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார். அபராத வட்டியும் தள்ளுபடி. மிச்சக் கடனில் பாதி ரெங்கராஜ், பாதி ஜெயக்குமார் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் காது குத்தியபோது பிள்ளை வீறிட்டாள். அவளைவிடப் பலமாக மாமன் அழுதான். அவனுடைய புது வேட்டியைப் பிள்ளை வேறு நனைத்துவிட்டிருந்தாள். வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வேணி குனிந்து மகளின் கண்ணைத் துடைத்தாள், அதே முந்தானையால் அண்ணன் கண்ணையும் துடைத்தாள்.

"இனிமே என் பேரு வேணும்னா என்கிட்ட கேளுண்ணே," என்றாள். "நானே வந்து போடறேன்."