பின்னால் ஓடியவளின் கால் சத்தம்

கட்டையை மிதித்து, தண்ணீரைத் தாண்டி இறங்கி, நாலு எட்டு வைத்த பிறகுதான் தான் கத்தவில்லை என்பது நிலக்ஷிக்கு உறைத்தது.

அதற்குள் பின்னால் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. முதலில் மரத்தில் எதுவோ மடாரென்று மோதியது. அப்புறம் தண்ணீர். அப்புறம் ஒன்றுமே இல்லை. இரண்டு வருடமாக அவள் முதுகுக்குப் பின்னால் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கால் சத்தம் அந்த இடத்தோடு நின்றுபோனது.

திரும்பிப் பார்க்கலாமா? திரும்பினால் ஓட்டம் குலையும். இன்னும் ஒரே ஒரு கட்டை, அதற்கப்புறம் கோடு. மாகாண விளையாட்டு மீட் நடந்த நுவரெலியா மைதானத்தில் மூட்டம் இறங்கி, முன்னால் இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நில்லு, நில்லு என்று தலைக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கால்கள் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசிக் கட்டையை எப்படித் தாண்டினாள் என்பது இன்றுவரை அவளுக்கு நினைவில்லை. கோட்டைத் தாண்டியதும் யாரோ தோளைத் தட்டினார்கள். தட்டிய கையை உதறிவிட்டு, புல்லுக்குக் குறுக்காக வந்த வழியே ஓடினாள்.

குழிக்குள் சர்மிளா பாதி உடம்பு தண்ணீரில் கிடந்தாள். அவள் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு இடுப்பளவு நனைந்து உட்கார்ந்திருந்தவள் கேத்ரின். ஹட்டன் ஸ்கூல்காரி. இவர்கள் இருவருக்கும் பரம எதிரி. ஓட்டத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். சர்மிளாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

சர்மிளா அழவில்லை. உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நிலக்ஷியைப் பார்த்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"கத்துனியாடி? எனக்குக் கேக்கல."

நிலக்ஷி வாயைத் திறந்தாள். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

இரண்டாயிரம் மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்றால் வெறும் ஓட்டம் இல்லை. ஐந்து சுற்று, சுற்றுக்கு இத்தனை என்று கட்டைகள். ஹர்டில்ஸ் கட்டை இடித்தால் விழும். இது விழாது, இடித்தால் நாம்தான் விழவேண்டும். அதில் ஒரு கட்டைக்கு அடுத்தாற்போல் தண்ணீர்க் குழி. கட்டையில் ஒரு கால் வைத்து எம்பி, ஆழத்தைத் தாண்டி, மறுபக்கத்து மேட்டில் இறங்கவேண்டும்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் அந்த மாதிரிக் குழிக்கு எங்கே போவது? விளையாட்டு ஆசிரியர் ஜெயகாந்தன் சேர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கிரவுண்டை ஒட்டி ஒரு பெரிய கான் ஓடுகிறது. மழைத்தண்ணீர் போவதற்காகத் தேயிலை மலையில் வெட்டிவைத்திருக்கிற வாய்க்கால்தான் கான். அதற்கு முன்னால் ஒரு டர்பன்டைன் மரத்தைக் கிடத்தி, இரண்டு பக்கமும் முளை அடித்தார். அதுதான் அவர்களுடைய நீர்க்கட்டை.

ஓடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. நிலக்ஷி நெட்டை. சர்மிளா அவள் தோளுக்குத்தான் வருவாள். நிலக்ஷிக்குப் பின்னால் ஓடும்போது சர்மிளாவுக்குத் தெரிவதெல்லாம் முதுகில் குத்திய நம்பர் மட்டும், கட்டை தெரியாது. சர்மிளாவை முன்னால் ஓட விட்டாலோ நிலக்ஷியின் ஓட்டம் செத்துவிடும். பின்னால் யாராவது துரத்தினால்தான் அவளுக்குக் கால் வரும். சர்மிளாவுக்கு அப்படியே தலைகீழ். துரத்துவதற்கு முன்னால் ஒரு முதுகு வேண்டும்.

"என் காலு சத்தம் இல்லாட்டி நீ பெரட்டுக்கு லேட்டா வர்ற கெழவி மாதிரி நடப்படி" என்று, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டைச் சொல்லி சர்மிளா அவளைக் கேலி செய்வாள்.

சிக்கலைத் தீர்த்தது சர்மிளாவின் யோசனை. அவளுடைய அம்மா ஜீவராணி கொழுந்து எடுக்கிறவர். மூட்டம் மூடிய நாட்களில் மலையில் முன்னால் போகிறவர் கானுக்குப் பக்கத்தில் வந்ததும் "கானு!" என்று ஒரு குரல் கொடுப்பார். பின்னால் கூடையோடு வருகிறவர் காலைப் பார்த்து வைப்பார். அந்தக் குரலை இந்த இரண்டு பேரும் கிரவுண்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டையில் கால் படுகிற நொடியில் நிலக்ஷி "கானு!" என்று கத்துவாள். சர்மிளா அதிலிருந்து மூன்று எட்டு எண்ணி, பார்க்காமலே எம்புவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. சர்மிளா போட்டிருந்தது அவளுடைய அண்ணனின் பழைய சப்பாத்து. ஒரு சைஸ் பெரியது, முன்னால் துணி அடைத்திருப்பாள். அதனால் இடது கால் ஒவ்வொரு தடவையும் தப்பென்று விழும். ஆயிரம் பேர் ஓடினாலும் அந்தச் சத்தத்தை நிலக்ஷி பிரித்துச் சொல்லிவிடுவாள்.

கடைசிச் சுற்றில் குழியைத் தாண்டியதும் சர்மிளா பக்கவாட்டில் வெளியே வந்து முந்திப் பார்ப்பாள். பிராக்டிஸில் பத்துத் தடவைக்கு எட்டுத் தடவை முந்திவிடுவாள். முந்தும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாள். அது நிலக்ஷிக்கு வலித்ததே இல்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாகாணத்துக்கு முந்தைய வலய மீட்டில் கேத்ரின் இந்த ரகசியத்தைப் பிடித்துவிட்டாள். இருவருக்கும் நடுவில் புகுந்து, நிலக்ஷியின் குரலுக்குத் தானும் எம்பித் தாண்டினாள். முடிந்ததும் சிரித்துக்கொண்டே வந்து, நல்ல ஹோர்ன் அடிக்கிறாய், பஸ்ஸில் வேலைக்குச் சேரலாம் என்று நிலக்ஷியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் சர்மிளாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"மறுபடி அவ நடுவுல வந்தான்னா கத்தாத. அவளும் கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும். நான் எப்புடியாச்சும் தாண்டிக்குவேன்."

மாகாண மீட்டில் நிலக்ஷி கத்தாமல் விட்டதற்கு அதுதான் காரணம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயகாந்தன் சேர் கேட்டபோது அப்படித்தான் சொன்னாள். கேத்ரின் நடுவில் இருந்தாள், அதனால் கத்தவில்லை, நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்ததுதான் என்றாள். சேர் அவள் தலையில் கை வைத்து, உன் மேல் தப்பில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கும் அது நடந்தது மாதிரியே ஆகிவிட்டது. விழுந்த பிறகு பின்னால் ஏன் ஒரு கால் சத்தமும் வரவில்லை என்ற கேள்வி மட்டும் இடித்தது. கேத்ரின் உடனே நின்று திரும்பியிருப்பாள், அதனால்தான் என்று அதற்கும் ஒரு பதிலைத் தேடிக்கொண்டாள்.

முதலாவதாக வந்ததால் நிலக்ஷிக்குக் கொழும்பில் தேசிய மீட்டில் இடம் கிடைத்தது. இரண்டாவதாக வந்தவள் யாரோ வலப்பனைப் பிள்ளை. ஓட்டத்தை விட்ட கேத்ரினுக்கு இடம் இல்லை.

அதற்கப்புறம்தான் தொடங்கியது.

சர்மிளா இல்லாத கிரவுண்டில் நிலக்ஷிக்குக் கால் வரவில்லை. ஏழு நிமிடம் பதினாறு செக்கனில் ஓடுகிறவள் ஏழு நாற்பதுக்குப் போய்விட்டாள். சேர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்க்காத குறை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைப் பின்னால் ஓட விட்டார். இரண்டு சுற்றில் அவர்கள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த நாள் சேரே பின்னால் ஓடினார். அவருடைய கால் சத்தம் யாரோ பெட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. உதவவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு காலை. மூட்டம் கிரவுண்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சேர் கோட்டுப் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரியும், ஆள் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில், மேல் வளைவில், நிலக்ஷிக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

தப். இலேசாக ஒன்று. தப். இலேசாக ஒன்று.

யாரோ பிள்ளை பின்னால் வருகிறாள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்த இடது கால் அப்படி நினைக்க விடவில்லை. பயத்தில் வேகமாக ஓடினாள். அதுவும் வேகமாக வந்தது. கானுக்குப் பக்கத்தில் வந்ததும் மரத்தை மிதித்து, வாயை இறுக மூடிக்கொண்டு தாண்டினாள். சத்தம் மரத்தோடு நின்றது. மோதுகிற சத்தம் வரவில்லை, தண்ணீர்ச் சத்தமும் வரவில்லை. சும்மா நின்றது. அடுத்த சுற்றில் மறுபடி மேல் வளைவில் அவளுக்காகக் காத்திருந்த மாதிரி கூடச் சேர்ந்துகொண்டது. இந்த முறை மரத்தில் கால் பட்டதும் அவளை அறியாமலே "கானு!" என்று கத்திவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் யாரோ எம்பி இறங்கினார்கள். தப்.

சேர் நேரத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். ஏழு நிமிடம் ஒன்பது. அவளுடைய வாழ்நாளில் ஓடாத ஓட்டம்.

"எல்லாஞ் சரி, யாருக்குப் பிள்ள கத்துற?" என்று சேர் சிரித்தார். "பின்னால ஒரு ஆளும் இல்லையே."

பழக்கத்தில் வந்துவிட்டது சேர் என்று சொல்லிவிட்டு, நிலக்ஷி கிரவுண்டு ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

அதிலிருந்து மூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வந்தது. கத்தினால் தாண்டியது. கத்தாவிட்டால் அந்த மரத்துக்குப் பின்னாலேயே நின்றது. நிற்கிறதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நேரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. கொழும்பில் மெடல் நிச்சயம் என்று சேர் அதிபரிடம் சொல்லிவிட்டார். யாரிடம் போய் இதைச் சொல்வது? சொன்னால் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டுவார்கள். பேயென்றால் செத்தவர்கள்தானே வரவேண்டும். சர்மிளா மூன்று லயம் தள்ளி, தன் வீட்டுக் காம்பராவில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போவதற்குத்தான் நிலக்ஷியால் முடியவில்லை. பிராக்டிஸ், டியூஷன் என்று ஐந்து வாரம் ஓட்டிவிட்டாள்.

கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் ஜீவராணி அக்கா மலையிலிருந்து வருகிற வழியில் அவளை மறித்தார். கோபம் ஒன்றும் காட்டவில்லை. ஒரு எட்டு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போ, வாயைத் திறந்து கேட்கமாட்டாள், ஆனால் வாசலில் ஆள் நிழல் பட்டால் எட்டி எட்டிப் பார்க்கிறாள் என்றார்.

பின்னேரம் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது நிலக்ஷி போனாள். சர்மிளா கட்டிலில் உட்கார்ந்து, காலை அரிசிச் சாக்கின் மேல் தூக்கி வைத்திருந்தாள். மெலிந்திருந்தாள். கட்டின் மேல் யாரோ பேனாவால் பூப் போட்டிருந்தார்கள்.

"வாங்க, சாம்பியன். வழி தெரிஞ்சிருச்சா?" என்றாள்.

நிலக்ஷிக்குச் சிரிக்க வந்தது, அழவும் வந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஸ்கூல் கதை பேசினார்கள். நடக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். ஓடுவதைப் பற்றிக் கேட்டதற்குப் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கப் போய்விட்டாராம். அதைச் சொல்லி சர்மிளாவே சிரித்தாள். நிலக்ஷியின் நேரத்தைக் கேட்டாள். ஏழு நாலு என்றதும் சீட்டி அடித்தாள்.

"யாருடி பின்னால ஓடுறா?"

"யாருமில்ல."

சர்மிளா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேசையில் இருந்த பிஸ்கட் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"கேத்ரின் கொண்டாந்தது. போன ஞாயித்துக்கெழம கினிகத்தேனையில பஸ் மாறி, நனைஞ்சுகிட்டு வந்தா. இந்தப் பூவும் அவ போட்டதுதான். நாம நெனச்ச மாதிரி இல்லடி, நல்ல பிள்ள."

நிலக்ஷியின் கையில் பிஸ்கட் அப்படியே இருந்தது. மழை கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்தது. அடுப்படியில் ஜீவராணி அக்கா தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"நான் அவகிட்ட நன்றி சொன்னேன்" என்றாள் சர்மிளா. "விழுந்ததுக்கு முந்தி நடந்தது எனக்குச் சரியா ஞாபகமில்ல, நீ சேர்கிட்ட சொன்னத நம்பி, நீ எனக்கு முன்னால இருந்தும் திரும்பி வந்து தூக்குனியேன்னு அவகிட்ட சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. அவ அம்பது மீட்டர் பின்னாலயாம். மூட்டத்துல எங்க முதுகுகூடத் தெரியலயாம். தண்ணிகிட்ட வந்தப்பத்தான் நான் கெடக்குறதப் பாத்தாளாம்."

நிலக்ஷி எழுந்திருக்கப் பார்த்தாள். சர்மிளா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை. குரலிலும் சண்டை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சேர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நாளைக்கு நீ போ, ஓடு. கத்தாதன்னு நான்தானே சொன்னேன்."

நிலக்ஷி நினைவில் மறுபடி அந்தக் கடைசிச் சுற்றுக்குள் போனாள். எத்தனையாவது தடவையோ. மூட்டம். முன்னால் கட்டை. பின்னால் கால்கள். அந்தக் கால்கள் எப்படி விழுந்தன? அப்போது கேட்டதுதான் நினைவில் இருக்கிறதா, இல்லை இத்தனை நாளாகக் கிரவுண்டில் கேட்டது அதன் மேல் ஏறிக்கொண்டதா? குழியைத் தாண்டினால் முதுகில் ஒரு தட்டு விழும் என்று அப்போது நினைத்தாளா? நினைத்ததனால்தான் வாய் மூடிக்கொண்டதா? எவ்வளவு உற்றுக் கேட்டாலும், கட்டையில் தன் கால் பட்ட அந்த ஒரு நொடியில் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுடி" என்றாள் சர்மிளா. "ரெண்டு வருசமா என் காலு சத்தத்தக் கேட்டுத்தான் நீ ஓடுன. அன்னைக்கு ஒனக்குப் பின்னால வந்தது நான்தான்னு நெசமாவே ஒனக்குத் தெரியலயா?"