பின்சீட்டு அப்பா

தாடை இறுகுவதற்குள் பல்லை வைத்துவிட வேண்டும். அவள் கட்டைவிரலால் அப்பாவின் கீழுதட்டை மெல்ல இறக்கி, மேல்வரிசைப் பல்செட்டைச் சற்றுச் சாய்த்து உள்ளே செலுத்தினாள். முதல் முறை நழுவியது. செட்டை மறுபடி நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். பொருந்தியது. ஒடுங்கிக் கிடந்த கன்னம் எழுந்து, அப்பா மறுபடி அப்பாவானார்.

"யாரையாவது கூப்பிடட்டுமாக்கா?" தம்பி அறைவாசலிலேயே நின்று கேட்டான்.

"வேண்டாம். நான் செஞ்ச பல்லு. எனக்குத்தான் கைவரும்."

அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக அடுக்குவது அவள் தொழில். போன வருட மழைக்கு முன்னால் அப்பாவுக்கு மிச்சமிருந்த பற்களையெல்லாம் எடுக்க வேண்டி வந்தபோது அவளே செட் செய்து கொடுத்தாள். அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. புதுச் செட்டில் அதை அடைத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்த அப்பா, "யாரோ மேனேஜர் மாதிரி இருக்கேனே" என்றார்.

விடியும் நேரத்தில் குளியலறைக்குப் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சாய்ந்து அடங்கிவிட்டார். இதயம் பலவீனம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மறதியைப் பார்க்கிற டாக்டர் வேறு. அவரிடம் அடுத்த வாரம் போக வேண்டியிருந்தது.

"இந்த நீலச் சட்டையப் போட்டுடலாம்க்கா," என்று தம்பி அலமாரியிலிருந்து கட்டம் போட்ட சட்டையை எடுத்து நீட்டினான். "பாக்க வர்றவங்களுக்கு அப்பான்னா இந்தச் சட்டைதான்."

அவளும் அதையே போட்டுவிட்டாள்.

தம்பியை ஊருக்கே தெரியும். செல்போன்களைப் பிரித்துக் காட்டி, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று வீடியோ போடத் தொடங்கியவன். பிறகு ஹெட்போன், டிவி, கடைசியில் கார். கார் வீடியோக்களில் அவனைவிட அப்பாவுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். கிடங்கில் எடை போடும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடுப்பு வலிக்கிறதா, கால் நீட்ட முடிகிறதா, குலுக்குகிறதா என்று மட்டும் சொல்வார். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்பார். ஜனங்கள் அவருக்குப் 'பின்சீட்டு அப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய்கறி வாங்கப் போன இடத்தில்கூட, "ஐயா, அந்தச் சிவப்பு வண்டி எடுக்கலாமா?" என்று வழிமறித்துக் கேட்பார்கள். சில மாதங்களாக அவர் கடைக்கும் போவதில்லை, தம்பியோடு பேசுவதும் குறைந்துவிட்டது. வயதாகிறது, பிடிவாதம் கூடுகிறது என்று அவள் நினைத்திருந்தாள். "புள்ளைக்கிட்ட மூஞ்சத் தூக்கி வச்சுக்காதீங்கப்பா" என்று ஒருநாள் சத்தமும் போட்டிருந்தாள்.

தம்பி காலையிலேயே செய்தியைப் போட்டுவிட்டதால், வெயில் ஏறுவதற்குள் முகம் தெரியாத ஆட்களெல்லாம் வந்து குவிந்தார்கள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த பலகையைச் சுற்றி வரிசையாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்த ஒருவர், மனைவியை முன்னால் நிறுத்திவிட்டு அவளிடம் பேசினார்.

"ஐயா சொன்னாருன்னுதாங்க அந்த எலெக்ட்ரிக் கார புக் பண்ணோம். அடுத்த வாரம் கைக்கு வருது. ஐயாவ ஒரு தடவ பின்னாடி உக்கார வச்சுப் படம் எடுக்கணும்னு இவளுக்கு ரொம்ப ஆச. குடுத்து வைக்கல."

அவள் கைகூப்பினாள். அப்பாவைப் பற்றி யாரோ நல்லதாகச் சொல்வது அந்த நேரத்தில் ஆறுதலாகவே இருந்தது.

அந்தக் கார் கம்பெனியிலிருந்தே ஒரு மேலாளர் பெரிய மலர் வளையத்தோடு வந்தார். தம்பியைக் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொடுத்துவிட்டு அவளிடம் வந்தார். "எங்க புது எலெக்ட்ரிக் வேன் ஒண்ணு தெருமுனைல நிக்குது மேடம். ஐயாவ அதுலயே கொண்டு போயிடலாம். சத்தமே இருக்காது."

"அதான் சரிக்கா," என்றான் தம்பி.

அதற்குள் அவள் ஜன்னல் வழியே தபால்கார மாமாவைப் பார்த்துவிட்டாள். வாசல் கேட்டுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்பது போல் நின்றிருந்தார்.

அவர் அப்பாவின் கூட்டாளி. தபால் கொடுக்க வந்து பழக்கமாகி, ஓய்வுபெற்ற பிறகு தினமும் சாயங்காலம் கேரம் ஆட வருவார். இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி சிவப்புக் காய்க்குச் சண்டை போடுவார்கள். கொஞ்ச காலமாக அவர் வரவேயில்லை. ஏன் என்று கேட்டால் அப்பா, "அவனுக்கு வேல இருக்கும்" என்பார். கேரம் தகராறுதான் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் வெளியே போனாள். "ஏன் மாமா இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"பஸ்ஸுல வந்தேம்மா," என்றார், கேட்காத கேள்விக்குப் பதில் போல. பிறகு மலர் வளையத்தின் ரிப்பனில் இருந்த கம்பெனிப் பெயரை எட்டிப் பார்த்தார். "உள்ள வர மனசு ஒப்பலம்மா. செத்தவனப் பத்திப் பேசக் கூடாது. ஆனா உங்கப்பன் எனக்குப் பொய் சொல்லிட்டான்."

"அப்பாவா?"

"அந்த வண்டிய நானும் வாங்கினேன். உன் அத்தைக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ், பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி இருந்தா அலைச்சல் இல்லன்னு நெனச்சேன். செல்போனப் பிரிக்கிறவனுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்னு அவ அப்பவே கேட்டா. பையனுக்குத் தெரியாதுடி, அவங்கப்பனுக்கு இடுப்பு இருக்குல்ல, அவன் வாயில பொய் வராதுன்னு நான்தான் வக்காலத்து வாங்கினேன்." மாமா மூச்சு விட்டுக்கொண்டார். "ஒரு தடவ சார்ஜ் போட்டா போயிட்டு வர்றதுக்குத் தாராளமாப் போதும்னாங்க. ஏசி போட்டா பாதி வழிகூடத் தாங்கல. ஊசி குத்தின கையோட அவளக் கொளுத்துற வெயில்ல ரோட்டுல உக்கார வச்சேன். நேரா வந்து உங்கப்பனக் கேட்டேன். 'நான் அப்படிச் சொல்லவே இல்லடா'ன்னான். வீடியோவ எடுத்துக் காட்டினேன். 'இது உன் வாய்தானே, உன் குரல்தானே'ன்னேன். முழிச்சான். பொய்க்காரப் பயலேன்னு சொல்லிட்டுப் போனவன்தான்."

"அத எனக்குக் காட்டுங்க மாமா."

அவர் செல்போனைத் துழாவி எடுத்தார். மலைப்பாதை, கடற்கரைச் சாலை, தம்பியின் உற்சாகமான பேச்சு. பின்சீட்டில் அப்பா, நீலச் சட்டையில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. கடைசியில் அவர் முகம் மட்டும் திரை நிறைய வந்தது. "நல்லா இருக்கு. தைரியமா வாங்கலாம்," என்று சொல்லிச் சிரித்தார்.

அவள் மறுபடி போடச் சொன்னாள். அந்தச் சிரிப்பில் நிறுத்தச் சொன்னாள். மாமாவுக்கு அது பிடிபடாததால் அவளே வாங்கி நிறுத்தினாள்.

முன்பற்களுக்கு நடுவில் சந்து இருந்தது.

"மாமா, இந்த வண்டி எப்ப வந்துச்சு?"

"இந்த வருஷந்தான். வெயில் ஆரம்பிச்சப்ப."

"அப்பாவுக்குப் போன மழைக்கு முன்னாடியே எல்லாப் பல்லையும் எடுத்தாச்சு. இங்க பாருங்க, இது அவரோட சொந்தப் பல்லு. இது ஏதோ பழைய வண்டிக்குச் சொன்னது. வெட்டி ஒட்டியிருக்காங்க." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது. "அப்பா உங்ககிட்ட நெசத்தத்தான் சொல்லியிருக்காரு."

மாமா செல்போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "சொன்னானே," என்றார். "சொல்லச் சொல்லக் கேக்காம வந்துட்டேனே."

அவள் உள்ளே போய்த் தம்பியைச் சமையலறைக்கு வரச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். அலமாரி முழுக்க டப்பாக்களில் அவள் கையெழுத்தில் பெரிது பெரிதாகச் சீட்டு ஒட்டியிருந்தது: உப்பு, சர்க்கரை, காப்பித்தூள்.

"எலெக்ட்ரிக் கார் வீடியோல அப்பா சிரிக்கிறாரே, அது எப்ப எடுத்தது?"

"எந்தச் சிரிப்பு?"

"அப்பாவுக்குச் சொந்தப் பல்லு இருந்தப்ப சிரிச்ச சிரிப்பு."

தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "இது பேசற நேரமாக்கா?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி சொல்லு. நெசமா என்ன சொன்னாரு?"

அவன் சர்க்கரை டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தான், மூடினான். "வண்டி ரெண்டு தடவ நின்னு போச்சு. சார்ஜ் போடற இடத்துல மத்தியானம் பூரா காத்துக் கெடந்தோம். அவருக்குத் தலை சுத்திடுச்சு. கேமராவப் பாத்து... 'வயசானவங்க, நோயாளிங்க இருக்கிற வீட்டுல இத வாங்காதீங்க'ன்னு சொன்னாரு."

"அத வெட்டிட்ட."

"கம்பெனில பாத்துட்டுத்தான் போட விடுவாங்க. அவங்க வெட்டச் சொன்னாங்க. அப்பா பேசாம வீடியோ போட்டா ஒருத்தனும் நம்ப மாட்டான். பழசுலேருந்து ரெண்டே ரெண்டு வார்த்தைக்கா. எல்லாரும் பண்றதுதான்."

"மாமா சண்ட போட்டுட்டுப் போனப்புறம் அப்பா உன்னக் கேட்டாரா?"

அவன் மூடியை மறுபடி திருகினான்.

"கேட்டாராடா?"

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"நீங்கதாம்ப்பா சொன்னீங்க, மறந்துட்டீங்கன்னு சொன்னேன்."

வெளியே கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். அதே வாரம்தான் வெளியூர் போயிருந்த தம்பி போன் செய்து, "அப்பாவுக்கு மறதி வருதுக்கா, கொஞ்சம் பாத்துக்கோ" என்றான். அவள்தான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவள்தான் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினாள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள் என்று காப்பி கொடுக்கும்போதெல்லாம் அவள்தான் கேட்டாள். டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நாற்காலி, ஆறு, சாவி. சாயங்காலங்களில், கேரம் பலகை சுவரோரம் சாய்ந்து கிடக்க, அப்பா தனியாக உட்கார்ந்து அதை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். நேற்றுப் படுக்கப் போகும்போதுகூட, "சரியாத்தானேம்மா சொல்றேன்?" என்று கேட்டார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். "சரிப்பா, தூங்குங்க" என்று குழந்தைக்குச் சொல்வது போல் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனே. அப்பக்கூட வாயத் தொறக்கலயேடா நீ."

"டாக்டர் செலவு பூரா நான்தானேக்கா குடுத்தேன்," என்றான் தம்பி. சொல்லி முடித்ததும் அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவன் தோளைத் தொடவில்லை. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

மேலாளரிடம் போய், "உங்க வேன் வேண்டாங்க. நகராட்சி வண்டிக்குச் சொல்லிக்கிறோம்," என்றாள்.

"அது வர நேரமாகும் மேடம். பழைய வண்டி வேற..."

"இருக்கட்டும்."

போன் செய்துவிட்டு வந்து அப்பாவின் நீலச் சட்டையைக் கழற்றப் பார்த்தாள். மாமா ஒரு பக்கம் பிடித்தார். கைகள் விறைத்துவிட்டிருந்தன, மடங்கவில்லை. பொத்தான்களை மறுபடி போட்டுவிட்டு, வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மாமா துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டேயிருந்தார்.

ஹெல்மெட்காரரும் அவர் மனைவியும் வேலிநிழலில் காத்திருந்தார்கள். அவள் அவர்களிடம் நடந்தாள்.

"அந்த வண்டிய எடுக்காதீங்க. அப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு. அத வெட்டிட்டாங்க."

அவர் குழப்பமாகச் சிரித்தார். "இல்லீங்களே, ஐயா வாயாலயே சொன்னதப் பாத்தோமே. இவளும் பாத்தா."

"அது வேற வண்டிக்குச் சொன்னது. எனக்குத் தெரியும்."

"துக்கத்துல இருக்கீங்க. அப்புறம் பேசலாங்க," என்றார் அவர், மிகவும் பரிவாக.

அவர் மனைவி கணவனை ஒருமுறையும் அவளை ஒருமுறையும் பார்த்தாள்.

நகராட்சி வண்டி தெருவெல்லாம் கேட்கிற இரைச்சலோடு வந்து நின்றது. ஆட்கள் அப்பாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மாமா யாரும் சொல்லாமலே ஏறி, தலைமாட்டில் உட்கார்ந்தார். எதிர்ப் பலகையில் அவள் உட்கார்ந்தாள். அழுது சிவந்த கண்களோடு தம்பி படியில் ஒரு காலை வைத்தான். அவர்கள் இருவரும் அவனைப் பார்த்தார்கள். நகர்ந்து இடம் விடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவன் காலை எடுத்துக்கொண்டான்.

"யாராவது அந்தக் கதவச் சாத்துங்கப்பா," என்றார் டிரைவர்.

தம்பி வெளியே நின்றபடி கதவைத் தள்ளிச் சாத்தினான். சரியாக விழவில்லை. அவள் உள்ளேயிருந்து இன்னொரு முறை இழுத்தாள்.