துருத்தியில் மீந்த காற்று

கண்ணாடிக்கடைக்காரி சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் தொண்டையைக் காறுகிற சத்தம் எங்கள் சுவர் வழியாகக் கேட்க ஆரம்பித்தது. முதலில் சளி என்று நினைத்தேன். சளிக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. காறுவாள், நிறுத்துவாள், மறுபடி அதே இடத்தில் காறுவாள். நடுநடுவே ஓர் ஆண்குரல் வேறு. புருஷன் செத்து வருஷம் திரும்பாத வீட்டில் ஆண்குரல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று ஒரு பொறுப்பு வந்துவிடுகிறதல்லவா? கத்தரிக்கோல் இரவல் கேட்கிற சாக்கில் போய்க் கதவைத் தட்டினேன். என்னிடம் மூன்று கத்தரிக்கோல் இருப்பது அவளுக்கும் தெரியும்.

ஆண் என்று பார்த்தால், சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த கைப்பேசிக்குள் ஒரு தாடிக்காரர். எபிரெய பாஷை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் சில எழுத்துகளைத் தொண்டையைக் காறித்தான் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சப்பென்று போய்விட்டது. மேசைமேல் விரித்த புத்தகம். எழுத்துகளுக்கு அடியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். கடையில் லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாற்காலிகள். தன்னுடையதை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் நின்றாள். மற்றது காலியாகவே கிடந்தது.

"இருக்கிற பாஷையில பேசவே ஆளக் காணோம். இது வேறயா?" என்றேன்.

"நம்ம பைபிள்ல இருக்கிற சங்கீதமெல்லாம் முதல்ல இதுல பாடினதுதானேக்கா. இதுல ஒரு வரியும் தனியா வராது. ஒண்ணு ஒரு விஷயத்தைச் சொன்னா, பக்கத்துலயே இன்னொண்ணு வந்து அதையே வேற மாதிரி சொல்லும்." புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "எவ்வளவு துணை பாருங்க."

அன்றைக்கு ஒரு சங்கீதத்தைக் காட்டினாள். மற்ற அழுகைப் பாட்டெல்லாம் அழுது அழுது, முடிகிற நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடவுளைப் புகழ்ந்துவிடுமாம். இது மட்டும் துடைத்துக்கொள்ளாதாம். இருட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுமாம். எங்கள் ஆலயத்தில் எந்தச் சங்கீதம் வாசித்தாலும் முடிவில் எழுந்து நின்று ஒரு துதிப்பாட்டுப் பாடுவோம். எபிரெயக்காரர்கள் எழுதாதது அது, பின்னால் நம்மவர்கள் ஒட்டியது என்றாள். அதை முதலில் எடுத்துக் கொடுப்பது என் குரல் என்பதால் எனக்குச் சுருக்கென்றது. வருகிற ஞாயிறு சங்கீதம் வாசிக்கிற முறை அவளுடையது. இதை வாசிக்க வேண்டும், வாசித்தபின் பாட்டு கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போதகரிடம் அவள் கேட்டபோது நான் அறைக்கு வெளியே குடைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலு குடைதான், ஆனாலும் பொறுமையாகச் செய்கிற வேலை.

"வாரமெல்லாம் கஷ்டப்பட்டு வர்ற ஜனங்கம்மா. இருட்டோட வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"நான் அப்படித்தானே ஐயா போறேன்," என்றாள். "அவரை அடக்கம் பண்ணின அன்னைக்கும் அந்தப் பாட்டுத்தான் பாடினோம். நானும் நின்னு பாடினேன். அதுக்கப்புறம் யாரைப் பார்த்தாலும் ஆறுதல் சொல்றாங்க. ஆறுதலா இருக்கேன்னு நானும் சொல்றேன். ஒரே ஒரு வாரம், அது முடியற எடத்துல முடியட்டும்."

போதகர், "பாக்கலாம்மா," என்றார். எங்கள் போதகர் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பால்காரரிடம், பாடகர் குழுவில் நாலைந்து பேரிடம், தையல்கடை அக்காவிடம், போதகரின் மாமியாரிடம் மட்டும், வெளியே விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். சனிக்கிழமைக்குள் பெஞ்சு பெஞ்சாகப் பரவிவிட்டது. ஆர்மோனியப் பெட்டிக்காரர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் பெட்டி சுருதி விலகுகிறது என்று நான் எப்போதோ சொன்னதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. என்னோடு பேசுகிறவர்களோடும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாம்பல்நிறப் புடவையில் போய் நின்றாள். ஒரு வரி அவள், அடுத்த வரி நாங்கள். எங்கள் ஆட்கள் சங்கீதம் வாசித்தால் பஸ் போய்விடப் போகிற மாதிரி இருக்கும். அன்று யாருக்கும் அவசரமில்லை. இருட்டில் விட்டுவிடுகிற அந்தக் கடைசி வரி அவளுக்கு வந்தது. வாசித்தாள். எதிரே நிமிர்ந்து பார்க்காமல், புத்தகத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டாள்.

பழக்கம் எங்களைத் தூக்கி நிறுத்திவிட்டது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பெட்டிக்காரர் துருத்தியை அழுத்தி, துதிப்பாட்டின் முதல் சுரத்தைப் பிடித்தார்.

நான் மூச்சை இழுத்துவிட்டிருந்தேன். போதகர் என்னைப் பார்த்தார், எடுத்துக் கொடு என்கிற மாதிரி. தையல்கடை அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கடைக்காரி மட்டும் பார்க்கவில்லை. புத்தகம் பிடித்த விரல்நுனிகள் வெளுத்திருந்தன. இழுத்த மூச்சு உள்ளேயே இருந்தது. பின்னால் இருந்தும் ஒரு குரலும் வரவில்லை.

பெட்டிக்காரர் திரும்பினார். நின்றுகொண்டு வாயை மூடியிருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கடைசியில் அவளை. துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. மீந்த காற்றில் அந்த ஒற்றைச் சுரம் போய்க்கொண்டே இருந்தது, இளைத்து, நடுங்கி, சுருதி விலகி. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டு, அது தானாக முடியக் காத்திருந்தோம்.