ஆறாம் ஜாடி

முகத்துவாரத்திலிருந்து கடலுக்குள் இருக்கும் கடைசிப் பாறை வரை ஆறு இடங்கள். இடத்துக்கு நாற்பது உளுவை மீன். தண்ணீரில் உப்பு ஏற ஏற மீனின் மரபணுவும் மாறுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. உளுவை ஊர் சுற்றாது. பிறந்த கல்லிடுக்கிலேயே கிழடாகிச் செத்துப்போகும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் மீன் ஜாடிகளைப் பார்த்துக்கொள்பவளைப் பென்சில் என்பார்கள். கொண்டையில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். மீன் ஜாடிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுதவேண்டும். ஆல்கஹாலில் பேனா மை கரைந்துவிடும். எந்த இடம், யார் பிடித்தது, தூண்டிலில் என்ன இரை என்று சீட்டில் இருக்கவேண்டும். ஜாடியைச் சேமிப்பறையில் ஒப்படைக்கும்வரை அது அவள் பொறுப்பு.

அவள் வேலை ஒப்பந்த வேலை. இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. இயக்குநர் கையெழுத்துப் போட்டால் நீளும். அக்கா வீட்டில், துணி அலமாரி இருக்கும் அறையில் தங்கியிருந்தாள். கதவைத் திறக்கும்போதே அக்கா கேட்பாள், “போட்டாரா?” மாமா எதுவும் கேட்கமாட்டார். அதுதான் இன்னும் கஷ்டம்.

முடிவுகள் வந்தன. ஐந்து இடத்து மீன்களும் படிப்படியாக மாறி, வரிசையாக நின்றன. ஆறாம் இடத்து மீன் மட்டும் வரிசையை விட்டுப் போய் முதல் இடத்து மீனோடு ஒட்டிக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் ஜாடி மாறிவிட்டதா என்று கேட்டிருப்பார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “இதுதாம்மா கண்டுபிடிப்பு” என்றார்.

இரண்டே நாளில் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்: தாயகத் தாவல். முகத்துவாரத்துக் குஞ்சுகள் மறைவான ஒரு நீரோட்டத்தில் ஏறி, நடுவில் நான்கு இடங்களைத் தாண்டி, பாறையில் போய் இறங்குகின்றனவாம். அந்த நீரோட்டத்தை யாரும் பார்த்ததில்லை. பார்க்காததுதான் அதற்குப் பெருமை என்றார்.

பென்சில் மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தாள். அதுவும் அவள் வேலைதான். ஆறாம் ஜாடியில் நாற்பதில் முப்பத்தொரு மீனின் வயிற்றில் பன் இருந்தது. செர்ரித் துண்டு போட்ட பன். கடைசிப் பாறையில் பேக்கரி எதுவும் இல்லை.

மீன்களைப் பிடித்துத் தந்த படகோட்டியைத் தேடிப் போனாள். அவர் படகுத்துறையில் இன்ஜினைக் கழற்றிப் போட்டிருந்தார். ஆறாம் இடத்து மீனை எங்கே பிடித்தார் என்று கேட்டாள். அவர் கூச்சப்படவே இல்லை.

“இங்க முகத்துவாரத்துல, டீக்கடைக்குக் கீழதாம்மா. அன்னிக்குக் காத்து சரியில்ல. நாப்பது கேட்டாங்க, நாப்பது குடுத்தேன். அளவுகூடப் பாத்துப் பொறுக்கினேன்.”

“இரை?”

“டைரக்டர் சார் வழியனுப்ப வந்தாருல்ல, போன் பேசிக்கிட்டே பாதி பன்ன வச்சுட்டுப் போயிட்டாரு. வீணாக்குவானேன்?”

அவள் இயக்குநரிடம் போய், பன்னிலிருந்து டீக்கடை வரை எல்லாவற்றையும் சொன்னாள். யாருடைய பன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“பன் மிதக்குமில்ல? அதே நீரோட்டம் பன்னையும் பாறைக்குக் கொண்டுபோயிருக்கு. இதையும் கட்டுரையில சேத்துடு.”

படகோட்டி பேச்சை நம்பவேண்டாம் என்றார்; படிக்காத ஆள், ஞாபகம் தப்பும். கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வரும் என்றார். ஒப்பந்தத் தாள் அவர் மேசையில் ஒரு சங்கின் அடியில் இருந்தது. பேசும்போது சங்கைக் கொஞ்சம் நகர்த்தினார். பேசி முடித்ததும் பழையபடி வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பென்சில் படகில் ஏறினாள். மூன்று முறை வாந்தி எடுத்தாள். படகோட்டி அவள் முதுகைப் பார்த்தபடி, “கேட்டிருந்தா இங்கயே வந்திருப்பேன், யாரும் அழுத்திக் கேக்கல” என்றார். கடைசிப் பாறையில் நாற்பது உளுவையைத் தானே பிடித்தாள். எதன் வயிற்றிலும் பன் இல்லை. மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஆறாம் இடம் ஐந்துக்கு அடுத்தபடி, வரிசையில் வந்து நின்றது. ஆற்றுமீன் உப்புக்கு உப்பு மாறி, படிப்படியாகக் கடல்மீன் ஆகியிருந்தது. மீன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

இயக்குநர் புது முடிவின் வரைபடத்தைத் தள்ளி வைத்தார்.

“இத யாரு பிடிச்சது?”

“நான்தான் சார்.”

“அவரு முப்பது வருஷமா கடல்ல இருக்காரு. நீ?”

போன மாதம் ஞாபகம் தப்பியவருக்கு இந்த மாதம் முப்பது வருட அனுபவம் வந்திருந்தது. பழைய ஆறாம் ஜாடியையே சேமிப்பறையில் ஒப்படைக்கச் சொன்னார். கட்டுரையில் ஜாடி எண் வரவேண்டும். சந்தேகப்படுகிறவன் வந்து திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஒப்படைத்துவிட்டு வந்தால் கையெழுத்து.

சேமிப்பறைக்கு ஒரு விதி உண்டு. தப்பான சீட்டை எடுக்கக் கூடாது. சரியானதை எழுதிப் பக்கத்தில் போடவேண்டும். பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். எழுதினாள்: இடம் ஒன்று. டீக்கடைக்குக் கீழே. பிடித்தவர் படகோட்டி. இரை: இயக்குநர் வைத்துவிட்டுப் போன பாதி பன். தேதி போட்டு, தன் கையெழுத்தையும் போட்டாள். ஜாடி மூடப்பட்டது, எண் பதியப்பட்டது, அலமாரி பூட்டப்பட்டது. சீட்டின் நகல் மாலைக்குள் இயக்குநர் மேசைக்குப் போனது. அதுவும் விதிதான்.

பூட்டியதைத் திறக்க எழுத்தில் மனு தரவேண்டும். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். இயக்குநர் படிவத்தை வாங்கினார். அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு வாரம் பார்த்துவிட்டுப் படிவத்தை இழுப்பறையில் வைத்துவிட்டார். கட்டுரை அச்சுக்குப் போகவில்லை. சங்கின் அடியிலிருந்த தாளும் கிளம்பவில்லை.

ஒப்பந்தத்தின் கடைசி மாதம் முடிந்தது. அக்கா கதவைத் திறந்தாள். கேட்பதற்குள் பென்சில், “போடல” என்றாள். அக்கா வழிவிட்டாள். செய்தித்தாளில் ஆய்வுக்கூடத்தின் விளம்பரம் வந்திருந்தது. மாமா அதை மடித்து மறைத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டு வாங்கிப் படித்தாள். அவள் இடத்துக்கு ஆள் தேவை. தகுதிகளில் கடைசி வரி: சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திறன் அவசியம்.

மாமா முதல்முறையாக ஒன்று கேட்டார். “அந்தச் சீட்டு இப்போ எங்க இருக்கு?”

“ஜாடியிலதான் மாமா. பென்சில்ல எழுதினது.”