வெள்ளிக் கை

அந்தோனியார் கோயிலில், செத்துப்போன பஸ்தியானின் ஆண்டுப் பூசை. மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த அவன் மனைவி ஜூலியானாவின் இடக்கையை யாரோ பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. பிடி தோளில் தொடங்கிச் சின்னவிரல் வரை இறங்கியது. தாடையும் கூடவே உளைந்தது. அவருடைய பிடிதான். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

போன வருசம் பஸ்தியானுக்கும் இதே இடக்கைதான் நொந்தது. வலை இழுக்கிற கை நோகாமல் வேறென்ன செய்யும் என்று ஆலங்குடா ஊரே சொன்னது. ஜூலியானா தைலம் போட்டு உருவினாள். நோகிற உறுப்பை வெள்ளியில் செய்து அந்தோனியாருக்குக் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். அவளும் ஒரு வெள்ளிக் கை செய்து சுரூபத்தின் காலடியில் கட்டினாள். நோவு விட்டுப்போனது. பார் அந்தோனியாரின் புதுமையை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அடுத்த கிழமை, தனியாகக் கடலுக்குப் போன பஸ்தியானை அலைதான் கரையில் கொண்டுவந்து போட்டது. தவறி விழுந்துவிட்டான் என்றார்கள். குளம்போலக் கிடந்த கடலில் அப்படியொரு நீச்சல்காரன் எப்படி மூழ்கினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று விடியப்புறமும் அவள் வழமைபோல "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்பினாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மனுசன் இப்போது வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தாள். கையை மடியில் வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. பஸ்தியானின் தங்கச்சி றோசா சாப்பாட்டுக் கோப்பையோடு உள்ளே வந்தபோது ஜூலியானாவின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை.

"சத்தம் போடாத. உன்ட அண்ணன் என்ட கையைப் பிடிச்சிருக்கார்."

றோசா பேய்க்கதைக்கு நின்று காது கொடுக்கிறவள் அல்ல. ஆசுபத்திரிக்கு எழும்பச் சொன்னாள். ஜூலியானா மாட்டேன் என்றாள். மருந்து போட்டால் அவர் விட்டுவிடுவார், பிறகு எந்தக் காலம் வருவார்?

"ஷானிகா தகப்பனைக் குடுத்திட்டாள் மச்சாள். தாயையும் குடுக்கவேணுமா?"

மகளின் பெயரைக் கேட்டதும்தான் ஜூலியானா எழும்பினாள். த்ரீவீல் கடற்கரையோரம் ஓடியது. வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கினார்கள். ஜூலியானா தன் இடக்கையை விடாமல் பிடித்திருந்தாள்.

ஆசுபத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். நோவு கையில், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அவள் தடுத்தாள்.

டொக்டர் சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். "வருத்தம் நெஞ்சில அம்மா. சில ஆக்களுக்கு ஹார்ட் அட்டாக் கையிலயும் தாடையிலயும்தான் காட்டும்."

"கொஞ்ச நாள் நொந்து, விட்டுப்போய், திரும்பவும் வருமா?"

"ஓம். வரும்."

ஜூலியானா கண்ணை மூடிக்கொண்டாள். தலையிடிக்குத் தலையணையை மாற்றின கதையாக, நெஞ்சு வருத்தத்துக்குக் கையைச் செய்து கொடுத்திருக்கிறாள். அதற்கு ஒரு வருசமாக நன்றியும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இவர் எதற்கு வந்திருக்கிறார்? எனக்கு நடந்தது இதுதான் என்று சொல்லிக்காட்டவா, கூட்டிக்கொண்டு போகவா?

மருந்து ஏறியது. பிடி தோளில் தளர்ந்து முழங்கைக்கு இறங்கியது. சேதி கேட்டு ஓடிவந்த ஷானிகா வெளியே விம்முவது கேட்டது. கடைசியில் சின்னவிரல் மட்டும் மிஞ்சியது. வாய் பழக்கத்தில் "போயிட்டு" என்று தொடங்கிவிட்டது. மற்றச் சொல்லை அவள் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"போங்க," என்றாள்.

சின்னவிரலும் விட்டது. கை லேசானது. அந்த லேசைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.