மூன்றாவது குழாய்

காலை ஆறு நாற்பது. ஏழேகாலுக்கு வண்டி மலையேற வேண்டும்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்தில் குந்தியிருந்தான் மைத்துனன். வண்டி ஓட்டுபவன் அவன்தான். அவனுடைய அக்கா, மெக்கானிக்கின் மனைவி, நர்ஸ். மலைமேல் இருக்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட இந்த வண்டியில்தான் போய்வருகிறாள்.

நேற்று இரண்டாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. கிளப்புவதற்குள் மருந்துப் பெட்டியில் ஐஸ் கரைந்து, மருந்து முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. இருபத்தேழு குழந்தைகள் வெயிலில் வந்து வெயிலிலேயே திரும்பினார்கள். இன்று வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். இன்றும் ஏமாந்தால் அந்தத் தாய்மார் இனி வரவே மாட்டார்கள் என்று இரவு சாப்பிடும்போது ஒரே ஒரு தடவை சொன்னாள். மெக்கானிக் பாதியிலேயே எழுந்து கை கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை வரை வண்டியில் ஒரே ஒரு குறைதான். கேனிஸ்டர். பெட்ரோல் டேங்கில் கிளம்பும் ஆவியை வெளியே விடாமல், உள்ளே இருக்கும் கரியில் பிடித்துவைத்து என்ஜினுக்கு அனுப்பும் கறுப்புப் பெட்டி. பின்னச்சுக்குப் பக்கத்தில் தொப்பை மாதிரித் தொங்கியது. பாறைக்குப் பாறை இடி வாங்கியது. மெக்கானிக் அதைக் கழற்றி, இரும்புப் பட்டை வளைத்து, பின்சக்கரத்துக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் பொருத்தினார். பெட்டிக்கு மூன்று குழாய். ஒன்று டேங்குக்கு. ஒன்று என்ஜினுக்கு. மூன்றாவது வெறும் காற்றுக்கு. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் புகாமலிருக்க, அதை மட்டும் மேலே பெட்ரோல் மூடிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார். வேலை அழகாக வந்திருந்தது. நேற்று, புதன்கிழமை, வண்டி நின்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

நேற்று மாலையே பம்ப், ஃபில்டர், பிளக் எல்லாம் பார்த்துவிட்டார். எதிலும் பழுதில்லை. இங்கே நிறுத்தி ஓடவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது. மேட்டில் மட்டும் நிற்கிறது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க நேற்று மைத்துனன் மூடியைத் திறந்தானாம். புஸ்ஸென்று காற்று உள்ளே போனதாம். உடனே என்ஜின் கிளம்பியதாம். அப்படியானால் டேங்குக்கு மூச்சுமுட்டுகிறது. ஆனால் ஏன்? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பெட்டி ஒரு மொழம் மேல போனதுல வண்டிக்குத் தல சுத்துதோ என்னமோ, மாமா."

"டார்ச்ச ஆட்டாம புடி, மாப்ள."

வெளியே வந்து குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயால் ஊதினார். முதலாவதில் காற்று போனது. இரண்டாவதிலும் போனது. மூன்றாவதில் கன்னம் உப்பியதுதான் மிச்சம். குழாயைத் தடவிக்கொண்டே மேலே போனார். அதன் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருந்தது. மருந்துக் குப்பியில் இருக்குமே, அது.

மைத்துனனைப் பார்த்தார். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மருந்துப் பெட்டியோடு வந்த மனைவி மூடியைப் பார்த்தாள்.

"அது நான்தான்."

பதினாலு வருஷமாக வார்டில் எந்தக் குழாயையும் அவள் திறந்து விட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு ஒன்று நின்றது, கை தானாகப் போய்விட்டது. தவிர, தூசி போகக்கூடாது, தண்ணீர் போகக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்தானே புலம்பினார் என்றாள். புலம்பியது உண்மை. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகத்தான் டேங்குக்குக் காற்று போகவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். எதை அவளிடம் சொன்னார், எதை மைத்துனனிடம் சொன்னார், எதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டார் என்பது இப்போது நினைவில்லை.

மூடியைப் பிடுங்கி எறிந்தார். குழாய்களை மாட்டினார். ஏழு பத்து. நிம்மதியாகக் கையைத் துடைக்கும்போது மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"நீ எப்பக்கா மூடுன?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றாள்.

"திங்கக்கெழமையே ஒரு தடவ நின்னுச்சே."

திங்களன்று குழாயில் மூடியே இல்லை. நின்றதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று மெக்கானிக் கேட்டார். கிளட்சை மிதிக்கத் தெரியாதவன் என்று மாமா திட்டுவார், அதனால் சொல்லவில்லையாம். அன்று இரண்டு நிமிஷத்தில் தானாகவே கிளம்பிவிட்டதாம். பெட்ரோல் மூடியைத் திறந்து பார்க்கவில்லையாம். திங்களேதானா என்று மறுபடி கேட்டார். அவன் விரல்விட்டு எண்ணினான். திங்கள் என்றான். செவ்வாய் ராத்திரியாகவும் இருக்கலாம் என்றான். பிறகு மறுபடியும் திங்கள் என்றான். அவளுக்கும் செவ்வாய்தானா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

பெட்ரோல் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ளலாமா என்று மைத்துனன் கேட்டான். மேட்டில் பெட்ரோல் வழியும் என்றார் மெக்கானிக்.

ஏழேகால். அவள் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். என்ஜின் சீராக ஓடியது. இங்கே அது எப்போதும் சீராகத்தான் ஓடும். மெக்கானிக் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"இனிமே நிக்காது," என்றார்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தெரிஞ்சு சொல்றீங்களா, இல்ல நான் பயப்படக் கூடாதுன்னு சொல்றீங்களா?"