ஃபிரான்ஸ் ஹார்டர் இரண்டு முறை வாங்கிய போர்வை

எங்கள் ஊரில் யாரும் எதையும் வேண்டும் என்று கேட்பதில்லை. விருந்துக்குப் போனால் மூன்று தடவை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நாலாவது தடவைதான் தட்டை நீட்டுவோம். பரிமாறுகிறவளுக்கும் அது தெரியும். மூன்றாவது வேண்டாமுக்குப் பிறகும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டாள். எங்களைப் போன்ற மெனோனைட்டுக் கிறிஸ்தவர்கள் என்றால் குதிரை வண்டியில் போகிறவர்கள் என்று வின்னிபெக் நகரத்தில் இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் என் தாத்தா காலத்தோடு போயிற்று. இந்த வேண்டாம்தான் போகவில்லை.

இலையுதிர் காலத்தில் இது உச்சத்துக்குப் போகும். சூரியகாந்தி அறுத்து முடிந்து, பீட்ரூட் லாரிகள் ரோடெல்லாம் சேறு கொட்டிக்கொண்டு போகிற நாட்களில், அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை, ஆலயத்தின் அடித்தளக் கூடத்தில் எங்கள் தையல் சங்கத்தின் ஏலம் நடக்கும். வருகிற பணம் மிஷன் வழியாக அந்தந்த வருஷம் எந்த நாட்டில் பஞ்சமோ அங்கே போகும். அந்த வருஷம் எங்கேயோ கிணறு வெட்டுவதற்கு.

இந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளை ஏலத்தில் எடுத்தவர், பணத்தையும் கொடுத்துவிட்டு, பொருளையும் அங்கேயே திரும்பக் கொடுத்துவிடுவார். "திரும்ப வித்துடு!" என்று கத்த வேண்டும். எல்லாரும் கை தட்டுவோம். அது மறுபடி ஏலத்துக்கு வரும். நல்ல ரொட்டி ஒன்று ஐந்தாறு தடவை விலை போகும். கடைசியாக எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டு போகும்போது அதை வைத்து ஆணி அடிக்கலாம்.

இப்படித் திரும்பக் கொடுப்பதில் பேர் போனவர் ஃபிரான்ஸ் ஹார்டர். வருஷா வருஷம் முதல் பொருளை அவர்தான் எடுப்பார், முதலில் கத்துவதும் அவர்தான். ஒரு பொருளைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டு போய் நான் பார்த்ததில்லை. அவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் எனக்கு அவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு. நல்ல மனிதர். வாய் திறக்கத் தெரியாத நல்ல மனிதர்.

அந்த மார்ச்சில் அவர் மனைவி அகாத்தா இறந்துபோனாள். கோடை ஆரம்பத்தில் ஃபிரான்ஸ் அவளுடைய துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து சங்கத்து வாசலில் வைத்தார். "துண்டுத் துணிங்க. உங்களுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். கூடையின் அடியில் பழைய சட்டை, பாவாடைகளை வெட்டி இணைத்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று மேல்பக்கம் மட்டும் முடிந்து கிடந்தது. உள்ளே பஞ்சு வைத்து, அடித்துணி போட்டு, தையல் ஓட்டினால் முடிந்தது. கோடை முழுக்க அதைச் சட்டத்தில் கட்டி, சுற்றி உட்கார்ந்து தைத்தோம். ஃபிரான்ஸைக் கேட்கலாமா என்று ஒருத்தி கேட்டாள்.

"கொடுத்தவங்ககிட்டயே போய்க் கொடுத்தீங்களான்னு கேப்பியா?" என்றாள் எங்கள் சங்கத் தலைவி நேட்டா லோவன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அடுப்படியிலிருந்து பொரித்த பன்றித் தொத்திறைச்சியின் வாசனை. கயிற்றில் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தோம். அகாத்தாவுடையதுதான் நடுவில், சந்தேகமில்லாமல் அந்த வருஷத்தின் ராணி. அதன் முன்னால் ஃபிரான்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீனா, இது அகாத்தாவோடதா?"

"ஆமா. நீ கொண்டு வந்த கூடையிலதான் இருந்துச்சு. பாக்கலையா?"

"துண்டுத் துணின்னு நெனச்சேன்." ஒரு ஓரத்தைத் தொட்டார். "இதைத் தைச்சுக்கிட்டு இருந்தாள்னே எனக்குத் தெரியாது. என்கிட்ட காட்டவே இல்ல."

"வேணும்னா சொல்லு. நேட்டாகிட்ட சொல்லி இப்பவே எறக்கிடலாம்."

"சேச்சே! மிஷனுக்குக் கொடுத்ததை எப்படிக் கேக்கறது? காணிக்கைத் தட்டுல கைவிட்ட மாதிரி ஆயிடும்." குரலைத் தாழ்த்தினார். "நான் ஏலத்துல எடுத்துக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாத. சொன்னா எல்லாரும் பாவம் பாத்து வெலையை ஏத்த மாட்டாங்க. அது மிஷனுக்கு நஷ்டம்."

எரிச்சல் வந்தது எனக்கு. ஆனாலும் சரி என்றேன்.

ஏலம் போடுகிறவன் பெயர் கார்னி எப். மற்ற நாட்களில் சந்தையில் பன்றி ஏலம் போடுவான், அதே வாய்தான் எங்களுக்கும். போர்வையை விரித்துக் காட்ட இரண்டு பேர் நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டும். வலது மூலை நேட்டா, இடது மூலை நான்.

"பாருங்க ஜனங்களே, இதைப் போத்திக்கிட்டு ராத்திரி தூங்கினா ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல தூக்கம் வராது! போதகரே, நீங்களே ஒரு வெலை சொல்லி ஆரம்பிச்சு வைங்க!"

விலை ஏறியது. ஃபிரான்ஸ் கையை இறக்கவே இல்லை. ஒரு பன்றிக்குட்டி விலையில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள்.

"மூணு தரம்! ஃபிரான்ஸ் ஹார்டருக்கு!"

ஃபிரான்ஸ் எழுந்தார். போர்வையை வாங்கிக்கொள்ள வருவதற்காக எழுந்தார், எனக்குத் தெரியும். ஒரு கையை இப்படி முன்னால் நீட்டினார். கார்னி அதற்குள் மேஜையைத் தட்டிவிட்டான்.

"ஃபிரான்ஸை நமக்குத் தெரியாதா? திரும்பக் கொடுத்துட்டாரு! திரும்ப விக்கறோம்!"

கூடம் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த போதகர் அவர் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அகாத்தா பார்த்துக்கிட்டுதான் இருப்பா" என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஃபிரான்ஸ் வாயைத் திறந்தார், மூடினார், நீட்டின கையாலேயே தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவியைப் பறிகொடுத்தவர் கொடுத்த தானம் என்று எல்லாரும் நெகிழ்ந்து போயிருக்கும்போது, இல்லை என்று எப்படிச் சொல்வார்? வருஷக்கணக்காகத் தானே கத்திக் கத்திப் பழக்கிய ஊர்.

இரண்டாவது தடவையும் அவர் கை தூக்கினார். இப்போது ஜனங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தானத்தில் அவரைத் தனியாக விடக் கூடாதென்று அவருடைய பக்கத்து நிலத்துக்காரர் டீட்ரிக் போட்டிக்கு வந்தார், இன்னும் நாலு பேர் வந்தார்கள். அத்தனையும் அன்பு. அந்த அன்பில் போர்வை ஒரு கறவை மாட்டின் விலைக்குப் போயிற்று.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நேட்டாவைக் கூப்பிட்டேன். "அவருக்கு அது வேணும்டி."

"யாருக்கு?"

"ஃபிரான்ஸுக்கு."

"அப்புறம் எதுக்குத் திரும்பக் கொடுத்தாரு?"

"கொடுக்கல."

"கார்னி சொன்னானே?"

"கார்னி சொன்னான். அவர் சொன்னாரா?"

நேட்டா யோசித்துப் பார்த்தாள். "வேணும்னா வாயில்லையா அவருக்கு? மூலையை ஒழுங்கா தூக்கிப் பிடி, தொங்குது."

"மூணு தரம்! மறுபடியும் ஃபிரான்ஸ்! என்ன மனுஷன்யா இவரு! திரும்பக் கொடுத்தாச்சு!"

இந்தத் தடவை ஃபிரான்ஸ் எழுந்திருக்கக்கூட இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் செக் புத்தகத்தில் இனி எழுத அதிகம் மிச்சமிருக்காது, ஆலங்கட்டி விழுந்து கோதுமை அழிந்துபோன வருஷம் அது.

மூன்றாவது ஏலத்தில் புதுக் கை ஒன்று உயர்ந்தது. வின்னிபெக்கிலிருந்து யாருடைய உறவினராகவோ வந்திருந்த பல் டாக்டரின் மனைவி. சிவப்புக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு, வந்ததிலிருந்து போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன்," என்றாள் சத்தமாக, "நான் எடுத்தா திரும்பக் கொடுக்க மாட்டேன். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. ஹாலில் மாட்டப்போறேன்."

அந்தப் பெண் அதைச் சொன்ன சுலபத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கார்னி சிரித்தான். விலை கேட்டான். அவள் சொன்னாள். ஃபிரான்ஸ் ஒரு தடவை ஏற்றினார். அவள் யோசிக்காமல் மேலே போனாள். ஃபிரான்ஸ் இன்னொரு தடவை ஏற்றினார். அவள் மறுபடியும் மேலே போனாள். ஃபிரான்ஸின் கை முழங்காலில் விழுந்தது.

"ஒரு தரம்..."

என் கைகள் மரத்துப் போயிருந்தன. ஃபிரான்ஸையே பார்த்தேன். சொல்லித் தொலையேன் மனுஷா என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"ரெண்டு தரம்..."

"கார்னி, நிறுத்து."

ஃபிரான்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஃபிரான்ஸ், இன்னும் ஏத்தறியா?"

"ஏத்தல. என்கிட்ட இல்ல." தொண்டையைக் கனைத்தார். "நான் திரும்பக் கொடுக்கல. முதல் தரமும் கொடுக்கல, ரெண்டாவது தரமும் கொடுக்கல. நீதான் கொடுத்த. எனக்கு அது வேணும்."

சட்டையைக் கழற்றிவிட்டு நின்றிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். போதகர் விட்டத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த ஆலயத்துக்குப் போய்வருகிறேன், "எனக்கு வேணும்" என்ற வாக்கியத்தை அங்கே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

டாக்டர் மனைவிதான் முதலில் பேசினாள். "அவர் வீட்டுப் போர்வையா அது?"

"என் பொண்டாட்டி தைச்சது. செத்துட்டா" என்றார் ஃபிரான்ஸ்.

"அடக் கடவுளே! இதை முதல்லயே யாராவது சொல்லக் கூடாதா? என்ன ஜனங்க நீங்க?" அவள் உட்கார்ந்துவிட்டாள். நியாயமான கேள்வி.

கார்னியின் காது இரண்டும் பீட்ரூட்டாகியிருந்தன. "அப்ப... ரெண்டாவது தரத்துப் பணத்தைத் திருப்பித் தந்துடலாம் ஃபிரான்ஸ்..."

"பணம் கிணத்துக்குப் போகட்டும். போர்வையைக் குடு."

நான் என் மூலையை விட்டேன். நேட்டா விடவில்லை. கோடை முழுக்க அதில் ஊசி குத்தியவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஃபிரான்ஸ் நேரே வந்து அவள் நாற்காலிக்குக் கீழே நின்றார். "நேட்டா" என்றார், அவ்வளவுதான். அவள் விட்டுவிட்டாள். ஃபிரான்ஸ் அதை மடிக்கக்கூட இல்லை, அப்படியே சுருட்டி அணைத்துக்கொண்டு படியேறி வெளியே போனார். யாரும் கை தட்டவில்லை.

அடுத்தது ரொட்டி. டீட்ரிக் எடுத்தார். கார்னி வாயைத் திறந்தவன் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான். "திரும்பக் கொடுக்கறியா டீட்ரிக், இல்ல..." டீட்ரிக் ரொட்டியைப் பார்த்தார், பெஞ்சாதியைப் பார்த்தார், வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

ஃபிரான்ஸின் தொப்பி அவர் நாற்காலியிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனேன். காற்று முகத்தில் அறைந்தது. அவர் வண்டியைக் கிளப்பாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார், மடி நிறையப் போர்வை. கண்ணாடியை இறக்கினார்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் இதையே பேசுவாங்க" என்றார்.

"ஈஸ்டர் வரைக்கும்" என்றேன்.

"டீனா, இதைப் பாரு." போர்வையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். நல்ல நீலம், மங்காத துணி. தேடித் தேடி இன்னொன்றைக் காட்டினார். நீலம் எங்கும் இருந்தது. "என் சட்டை. ஞாயித்துக்கிழமைச் சட்டை. எல்லாத்துலயும் நல்ல சட்டை. காணோம்னு வீடெல்லாம் தேடினேன். எலி கடிச்சுடுச்சு, அடுப்புல போட்டுட்டேன்னு சொன்னா."

"அகாத்தாவா?" ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். "நம்ம அகாத்தா பொய் சொன்னாளா?"

"கண்ணு இமைக்காம சொன்னா! ஒரு கிழிசல் இல்ல டீனா, பொத்தான்கூட விழல. கத்தரிக்கோலை வெச்சு வெட்டியிருக்கா!" உண்மையாகவே கோபப்பட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் வாய் கோணிக்கொண்டு போயிற்று. "இந்த நீலம் வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்" என்றார் உடனே. கட்டைவிரலால் அந்த நீலக் கட்டத்தைத் தேய்த்தார்.

"இல்ல," என்றார். "குடுத்திருக்க மாட்டேன்."

பிறகு அழுதார். மார்ச்சில் கல்லறையில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. தொப்பியைக் கொடுக்க மறந்து அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை நான் வண்டியோரம் நின்றேன்.